கடிகாரம் நின்ற வாரத்துக் கோடு

என் லேப்டாப் திரை முழுக்க உன் கட்டைவிரல். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் எத்தனை டிகிரி இருந்தது என்று பார்க்க, நீ அனுப்பிய வெயில் கோட்டின் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். அந்த இடத்தில் கோட்டைக் காணோம், நீதான் இருந்தாய். நகத்தின் ஓரமெல்லாம் ஊதா மை. திங்கட்கிழமை ஒட்டினால் வெள்ளிக்கிழமை வரை போகாத மை. "ஓட்டுப் போட்ட விரலு மாதிரி வருசம் பூரா வச்சுக்கிட்டுத் திரியுதேன்" என்பாய்.

படத்தில் இருக்கிற கோட்டை எண்ணாக மாற்றித் தரும் இந்த மென்பொருளுக்கு உன்னைத் தெரியாது. படத்தில் இந்த ஊதா எங்கெல்லாம் இருக்கிறதோ அதெல்லாம் கோடு என்று நான்தான் அதற்குச் சொல்லிவைத்திருந்தேன். அது நல்ல பிள்ளையாக உன் நகத்தையும் சேர்த்து அளந்துவிட்டது. பட்டியலைப் பார்த்தால் செவ்வாய் மத்தியானம் திடீரென்று நாற்பத்தேழு டிகிரி, உடனே முப்பது, மறுபடியும் நாற்பத்தாறு. முதலில் பதறிவிட்டேன். அது உன் விரலுக்குப் போட்ட கணக்கு என்று புரிந்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது கண் நிறைந்துவிட்டது. அந்தப் புள்ளிகளை அழிக்க மனம் வரவில்லை. தனியாக ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன், கணக்குக்கு உதவாது, இருந்துவிட்டுப் போகட்டும்.

உனக்குத் தெரிந்ததையெல்லாம் உனக்கே எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் நீ பாதியில் எழுந்து போனவள். மீதியை யாராவது உனக்குச் சொல்லத்தானே வேண்டும்?

வெம்பக்கோட்டை ரோட்டில் நம் பட்டாசுக் கம்பெனிக்கு நான் கெமிஸ்டாக வந்து சேர்ந்தபோது நீ அங்கே ஸ்டோரில் இருந்தாய். நம் இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே அளவு வாய். காயப்போடும் மேடைக்குப் பக்கத்தில் பலகை இடுக்கு வைத்த வெள்ளைப் பெட்டி ஒன்று நிற்குமே, அதைத் திறந்து காட்டியவள் நீதான். உள்ளே ஓர் உருளை, அதன்மேல் கட்டம் போட்ட காகிதம், உருளைக்குள் கடிகாரம். இரண்டு பேனா முள். ஒன்று வெயிலின் சூட்டை வரையும், மற்றது காற்றின் ஈரத்தை. உருளை ஒரு சுற்றுச் சுற்ற ஒரு வாரம். திங்கட்கிழமை காலையில் பழைய காகிதத்தைக் கழற்றிப் புதியதைச் சுற்றி, மை ஊற்றி, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, முள்ளை அந்த நேரத்துக்கான கோட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஸ்டோர் வேலையோடு அதுவும் உன் தலையில் விழுந்திருந்தது.

ஈரத்தைச் சொல்வது ஒரு கொத்து மனித முடி என்று நான் சொன்னதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய். "ஏ புள்ள, நெசமாவா? யாரு பெத்த பிள்ளை முடியோ, இங்கன வந்து நமக்கு மளை வருதான்னு சொல்லுது." அந்த முடியில் எண்ணெய் பட்டால் கணக்குத் தப்பும் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அதிலிருந்து திங்கட்கிழமைகளில் நீ தலைக்கு எண்ணெய் வைக்காமல் வர ஆரம்பித்தாய். பஸ்ஸில் எல்லாரும் பளபளவென்று படிய வாரி வர, நீ மட்டும் பரட்டைத் தலையோடு வருவாய். யாராவது கேட்டால், "இன்னைக்கு எங்க பொட்டிக்கு விரதம்" என்று சொல்லிவிடுவாய்.

மழை விஷயத்தில் உன்பாடு எப்போதும் இருதலைக் கொள்ளிதான். எம். புதுப்பட்டியில் உன் வீட்டுக்காரர் மானாவாரியில் மக்காச்சோளம் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே கம்பெனியில் ஒரு மேகம் திரண்டாலே போர்மேன் மேடைக்கு ஓடுவார். "வீட்டுல வேணும்ங்காக, இங்கன வேண்டாம்ங்காக. நான் எந்தச் சாமிகிட்ட என்னன்னு சொல்ல?" என்று பெட்டியைப் பார்த்தே கேட்பாய்.

பிறகு என்னைச் சிவகாசி டவுன் ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். வாரத்தில் ஒருநாள் மட்டும் கம்பெனிக்கு வருவேன். அப்போது தொடங்கியதுதான் இந்தப் படம் அனுப்புகிற வழக்கம். கேட்டுக்கு உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் கழற்றிய காகிதத்தை நீ கேட் ஆபீசுக்கு எடுத்துவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கையால் பிடித்து, மறு கையால் படம் எடுத்து எனக்கு அனுப்புவாய். உருளையில் ஒரு வாரம் சுற்றிக் கிடந்த காகிதம் எத்தனை நீவினாலும் சுருளும். அதனால்தான் படத்துக்குப் படம் உன் கட்டைவிரல். கூடவே ஒரு குரல் செய்தியும் வரும். "இந்த வாரத்து ஈரக் கோட்டைப் பாத்தியா? நம்ம கெமிஸ்ட்டம்மா மூஞ்சி மாதிரியே உர்ருன்னு இருக்கு."

விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பங்குனி மாதம் பேச்சியம்மா விழுகிற வரைக்கும்.

பேச்சியம்மா அக்காவுக்கு நம்மைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். விஸ்வநத்தத்திலிருந்து வருகிறவள். மருந்து செலுத்தும் அறையில் அவளைவிட நிதானமான கை கிடையாது. அந்த அறைகளுக்குக் கரண்டு கிடையாது, கொடுக்கவும் கூடாது, அதனால் மின்விசிறி என்ற பேச்சுக்கே இடமில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து போய் உட்கார்ந்தவள் அப்படியே மயங்கிச் சாய்ந்தாள். அன்றைக்கு நான் கம்பெனிக்கு வந்திருந்தேன். மருந்தில் கலக்கும் வெள்ளிப்பொடி அப்பிய அவள் கைகளை நீ உன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாய். வேப்பமரத்தடியில் கண் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "தட்டு சிந்திருச்சா தாயி?" என்பதுதான். சிந்தவில்லை. அவள் பின்பக்கம் சாய்ந்திருந்தாள். முன்பக்கம் சாய்ந்திருந்தால் மருந்துத் தட்டின்மேல்தான் விழுந்திருப்பாள். நீ அப்போதே எழுந்து மானேஜர் அறைக்குப் போய்விட்டாய். நான் உன் பின்னாலேயே வந்தேன்.

"கோடை முடியுற வரைக்கும் காலையில ஆறு மணிக்கு வேலையத் தொடங்கி, உச்சிக்கு முன்ன அனுப்பிருங்க சார்" என்றாய்.

மானேஜர் கெட்டவர் இல்லை. அவருக்கு எதைக் கண்டாலும் அசதி, அவ்வளவுதான். "ஏம்மா, வெயிலு இன்னைக்கு நேத்தா அடிக்கு? நம்ம ஊருல வெயிலு அடிக்கலன்னாத்தான் செய்தி."

"அடிக்கட்டும் சார். அடிக்கிற நேரத்துல அந்த அறைக்குள்ள ஆளு இருக்கணுமான்னுதான் கேக்குதேன்."

"பஸ்ஸு நேரத்தை மாத்தணும், லோடு ஏத்துற நேரத்தை மாத்தணும், ஆர்டரு நிக்கி. முதலாளிகிட்டப் போயி வெயிலு அடிக்குன்னு சொல்ல முடியுமா? எந்த நேரத்துக்கு எம்புட்டு சூடுன்னு நம்பராக் கொண்டாங்க. ஒரு நாளைக்குள்ளது இல்ல, பூராத்தையும் கொண்டாங்க. நான் பேசுதேன்."

வெளியே வந்ததும் நான் வழக்கம்போலப் புலம்பினேன். கோட்டைப் பார்த்து ஒவ்வொரு மணிக்கும் கையால் எழுதினால் அடுத்த கோடையே வந்துவிடும் என்றேன். நீ நடந்துகொண்டே கேட்டாய்: "உனக்குத்தான் இம்புட்டுப் படம் அனுப்பிருக்கேனே. உன் கம்ப்யூட்டரு அதுல இருந்து நம்பரை உருவித் தராதா?"

தரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தேடினால் இருக்கிறது. காசு கேட்காத மென்பொருள். வரைபடத்தின் படத்தைக் கொடுத்தால் அதிலிருந்து எண்களைத் திருப்பி எடுத்துக் கொடுக்கிறது. நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்ப் பரோட்டா பொட்டலத்தோடு விருதுநகரில் என் வீட்டுக்கு வந்தாய். லேப்டாப் முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். இந்தப் புள்ளி திங்கட்கிழமை காலை, இந்தப் புள்ளி ஞாயிற்றுக்கிழமை காலை, இது இருபது டிகிரி, இது நாற்பது என்று நான் காட்டிக் காட்டி எழுதினேன். இப்படி ஒவ்வொரு பக்கமும் இரண்டு இடத்தைச் சொல்லிவிட்டால் இடையில் உள்ளதையெல்லாம் அதுவே அளந்துகொள்ளும் என்று விளக்கினேன்.

"ரெண்டு வீட்டைக் காட்டிட்டா தெருவையே கண்டுபிடிச்சிருமா? அப்ப எங்க ஊரு தபால்காரரை விடக் கெட்டிக்காரப் பயதான்" என்றாய். மை நிறத்தைத் தொட்டுக் காட்டியதும் கோட்டின்மேல் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக விழுந்தன. பக்கத்தில் எண்கள் கடகடவென்று இறங்கின. நீ பரோட்டாவை அப்படியே வைத்துவிட்டாய். "ஏ புள்ள, மீனுல முள்ளு உருவுற மாதிரில்ல உருவுது!"

காகிதம் சுருண்டிருந்ததால் படத்தில் கட்டங்களெல்லாம் வளைந்து வளைந்து தெரிந்தன. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வளைந்ததை நிமிர்த்திக் கொடுக்கும் ஒரு பொத்தான். அழுத்தினேன். காகிதத்தின் ஓரங்கள் விறைப்பாக நிமிர்ந்து நின்றன; நேரக் கோடுகளில் மிஞ்சிய வளைவையும் சுருக்கம் என்றே தள்ளி, மணியை நேர்கோட்டில் படிக்க வைத்தேன். எனக்கு என் சாமர்த்தியத்தில் ஒரே பெருமை. நீ மறுபடியும் பரோட்டாவைப் பிய்க்க ஆரம்பித்திருந்தாய்.

மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "அடுத்த கோடைக்குள்ள முடிச்சிரணும், பேச்சியக்கா தாங்க மாட்டாக" என்றாய். ஆனால் அந்த வருஷம் ஆடி கடைசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள். உள்ளூரில் கேட்காமல் மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ எனக்குப் பேசினாயே, உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பேப்பரு மாத்தினாகளா?" யாரும் மாற்றியிருக்கவில்லை. அந்த வாரம் நான் கம்பெனிக்குப் போனபோது பெட்டியைத் திறந்து பார்த்தேன். நீ கொடுத்த சாவி ஒரு வாரம் ஓடி, அடுத்த வாரத் தொடக்கத்தைத் தொட்டு, அங்கேயே நின்றிருந்தது. உருளை நகரவில்லை. முள்ளுக்கு அது தெரியுமா? பகலில் சூடு ஏற ஏற மேலே போவதும் இரவில் இறங்குவதுமாக ஒரே இடத்தில் நாள்கணக்கில் கிடந்து உழன்றிருக்கிறது. காகிதத்தின் அந்த ஓரத்தில் மை ஊறிய தடித்த கோடு ஒன்று. கேட் ஆபீஸ் மேசைக் கண்ணாடிக்கு அடியில் காகிதத்தைச் செருகி, சுருக்கமே இல்லாமல் ஒரு படம் எடுத்தேன். உன் படங்களைவிட என் படம் நன்றாக இருக்கிறது என்று உன்னிடம் பீற்றிக்கொள்ளத்தான்.

மதுரையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு நீ அதை வெகுநேரம் பார்த்தாய். மெலிந்திருந்தாய், ஆனால் கண்ணில் குறும்பு குறையவில்லை. "பாத்தியா, நான் வரலன்னா நேரமே நகர மாட்டேங்குது" என்றாய். பிறகு, "மை பூராவும் வீணாப்போச்சே" என்று நிஜமாகவே வருத்தப்பட்டாய். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

நீ போன பிறகு அந்தப் பெட்டிக்கு யாரும் சாவி கொடுக்கவில்லை. சுவரில் மாட்டுகிற ஒரு புதுக் கருவி வாங்கினார்கள். சின்னத் திரையில் எண்ணை மட்டும் காட்டும், இப்போது எவ்வளவு என்பதோடு அதன் வேலை முடிந்தது. ஸ்டோரில் நீ கட்டிவைத்திருந்த காகிதங்களைத் தேடிப் போனேன். கரையான் தின்று வெறும் மண்கட்டிதான் கையோடு வந்தது. மிஞ்சியது என் போனில் இருந்த உன் படங்கள் மட்டுமே.

அதனால் உட்கார்ந்துவிட்டேன். ஆபீஸ் விட்டு வந்து, ஞாயிறு, லீவு என்று கிடைத்த நேரமெல்லாம் படத்துக்கு இரண்டிரண்டு இடமாகக் காட்டி, நிமிர்த்தி, நிறத்தைத் தொட்டு, எண்ணை எடுத்தேன். மங்கிய இடத்தில் மென்பொருள் திணறினால் நானே ஒவ்வொரு புள்ளியாகக் குத்தினேன். ஒரு வாரத்துக் கோட்டில் ஞாயிற்றுக்கிழமை சூடு படுத்துவிட்டிருக்கும், ஈரம் எகிறியிருக்கும், அட, அன்றைக்கு மழை பெய்ததே, உன் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டிருப்பாரே என்று நினைவு வரும். அழுதுகொண்டே செய்தேன் என்று நினைக்காதே. அந்த மாதங்களில் உன்னோடு இருந்த மாதிரிதான் இருந்தது.

மாசி மாதம் எல்லாவற்றையும் சேர்த்து மானேஜரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உச்சச் சூடு அஞ்சு மணிக்குன்னு போட்டிருக்கு. அப்பந்தான் பஸ்ஸே கெளம்பிருதே?"

எனக்கும் அது தெரியும். வீட்டிலேயே பார்த்துவிட்டேன். எல்லா நாளும் உச்சம் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போய்த்தான் நின்றது. நம் ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அஞ்சு மணி வெயிலும் ரெண்டு மணி வெயிலும் தெரியாதா? ஆனால் படம் அப்படித்தான் சொன்னது. அதில் நானாகக் கையை வைக்கக் கூடாது என்று அப்படியே கொண்டுவந்திருந்தேன்.

அவர் காகிதத்தை மடித்தார். "அந்தம்மா கடியாரத்தைத் தப்பா வச்சிருக்கும்மா. பாவம், போன மனுசி, குத்தம் சொல்லக் கூடாது. ஆனா இத முதலாளிகிட்டக் காட்ட முடியாது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எண்ணெய்கூட வைக்காமல் வந்தவள் நேரத்தைத் தப்பாக வைப்பாளா? கேட்க வாய்வரை வந்தது, ஆனால் கையில் ஆதாரம் இல்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கேட் அருகே பேச்சியம்மா அக்கா பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். அதற்குள் செய்தி அவள் காதுக்குப் போயிருந்தது. "உங்க பொட்டி அஞ்சு மணிங்குதாமே தாயி. எனக்கு ரெண்டு மணிக்கே கண்ணு இருட்டுதே, என் கண்ணும் தப்பா ஓடுதோ?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள், ஆனால் அவள் முகத்தில் கேலி இல்லை. பங்குனி பிறக்க அதிக நாள் இல்லை. இன்னொரு கோடை முழுக்க அவள் அந்த அறைக்குள் உட்கார வேண்டும்.

ஒரே ஒரு படத்தை நான் அதுவரை திறக்கவே இல்லை. நான் எடுத்த படம். கடிகாரம் நின்ற வாரத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கில்லை, அது கணக்குக்கும் உதவாது என்று தள்ளிவைத்திருந்தேன். இனி அதைத் தவிரப் பார்க்க வேறொன்றும் இல்லை என்ற நிலையில் அதைத் திறந்தேன்.

அந்தத் தடித்த ஊதாக் கோடு அரிவாள் மாதிரி வளைந்திருந்தது.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. வழக்கம்போல நிமிர்த்தும் பொத்தானுக்குக் கை போனது. அப்போதுதான் நிறுத்தினேன். இந்தக் காகிதம் சுருளவில்லையே, கண்ணாடிக்கு அடியில் அல்லவா வைத்து எடுத்தேன்? கடிகாரம் நின்றுவிட்டது, நேரம் நகரவில்லை. அப்படியானால் முள் ஏறியதும் இறங்கியதும் ஒரே நேரத்தின்மேல்தான். அது நேராகப் போயிருக்க வேண்டும். ஏன் வளைந்து போயிருக்கிறது?

எழுந்து போய் அறைக் கதவைத் திறந்து மூடினேன். நிஜமாகத்தான் சொல்கிறேன், சிரிக்காதே. கீல் ஒரு பக்கம் இருக்க, கதவின் மறுமுனை தரையில் எப்படிப் போகிறது? வட்டமாகத்தானே போகிறது. பேனா முள்ளின் கையும் அப்படித்தான், ஒரு முனை பெட்டியில் கட்டப்பட்டிருக்கிறது. மேலே ஏறும்போது அது சுழன்றுதான் ஏறும். காகிதம் அச்சிட்டவனுக்கு இது தெரியும், அதனால் நேரக் கோடுகளை வளைத்தே அச்சிட்டிருக்கிறான். நான் அந்த வளைவையெல்லாம் சுருக்கம் என்று நினைத்து, படத்துக்குப் படம் மெனக்கெட்டு மணியை நேர்கோட்டில் படித்திருக்கிறேன். சூடு ஏற ஏற என் கணக்கில் மணி பிந்திப் பிந்திப் போயிருக்கிறது.

பிறகு நீ வீணாகிப்போனது என்று வருத்தப்பட்ட அந்த மையைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். எந்த உயரத்தில் எவ்வளவு வளைகிறது என்று அந்தக் கோட்டில் அளந்து, அந்த அளவை ஒவ்வொரு வாரத்திலும் கழித்தேன். உச்சம் அஞ்சு மணியை விட்டு நகர்ந்து வந்து, பேச்சியம்மா அக்கா சொன்ன ரெண்டு மணியிலேயே உட்கார்ந்தது. உச்சிப்பொழுதுக்கு முன்பே சூடு கடகடவென்று ஏறுவதும் தெளிவாகத் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நீ முள்ளை முதலில் தொட்டுவைத்த இடத்தையும், அன்று காலையே பழைய காகிதத்தை நீ எனக்குப் படம் எடுத்து அனுப்பிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெட்டியிலிருந்து கேட் ஆபீசுக்கு நீ நடந்துவருகிற நேரம்தான் இடையில் இருந்தது. ஒரு வாரம்கூட நீ தப்பாக வைக்கவில்லை. யாரும் கேட்காமலே அதையும் தனிப் பக்கமாக அச்செடுத்தேன்.

மானேஜர் அறையில் நான் முதலில் செய்த காரியம் அவர் கதவை ஆட்டியதுதான்.

"என்னம்மா, கதவைப் போட்டு இந்த ஆட்டு ஆட்டுதீக?"

"பாருங்க சார், பேனாவும் இப்படித்தான் போகுது." சொன்னேன். அவர் எழுந்து வந்து தானும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து எண்களைப் படித்தார். உன் திங்கட்கிழமைகளின் பக்கத்தில் மட்டும் ரொம்ப நேரம் இருந்தார்.

"அப்ப அந்தம்மா வச்ச நேரம் சரிதான்."

"சரிதான் சார். தப்பாப் படிச்சது நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன மனுசியப் பத்தி நானும் பேசியிருக்கக் கூடாது. சரி, இத வச்சிட்டுப் போங்க. முதலாளிகிட்ட நான் பேசுதேன்." பேசினார். சொன்னதைச் செய்கிற மனிதர் என்று உன்னிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது, நீ அவரை ஒருநாளும் நம்பவில்லை. ஏப்ரல் மாதம் மட்டும், பரீட்சார்த்தமாக, காலை ஆறு மணிக்கு வேலை, பன்னிரண்டு மணிக்குப் பஸ் என்று பலகையில் ஒட்டினார்கள்.

முதல் நாள் நான் அங்கே இருந்தேன். பன்னிரண்டு மணிக்குப் பெண்களெல்லாம் கை கழுவிவிட்டுக் கேட்டுக்கு வந்து, போனை வாங்கிக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் நின்றார்கள். மத்தியானத்தில் வெளியே நின்று பழக்கமில்லை. பேச்சியம்மா அக்கா வீட்டுக்குப் போன் போட்டுச் சத்தமாகப் பேசினாள். "சோறு வடிச்சாச்சா? எனக்கும் சேத்து வையி. தூக்குவாளிச் சோறு இல்லத்தா, வீட்டுச் சோறு. நான் வந்து சுடச்சுடத் திங்கேன்." பஸ்ஸில் ஏறப்போனவள் திரும்பி வந்து, வெள்ளிப்பொடி முழுசாகப் போகாத கையால் என் கன்னத்தை வழித்தாள். "அவ இருந்து இதப் பாக்கணும்" என்றாள்.

பஸ் போனதும் திரும்பினேன். மானேஜர் வாசலில் நின்றிருந்தார், முகத்தில் ஒரு நிறைவு. நல்ல காரியம் செய்துவிட்ட களைப்போடு உள்ளே போகத் திரும்பினார். பழைய நானாக இருந்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸுக்கு நடந்திருப்பேன். இத்தனை வருஷமும் நான் அப்படித்தான். அடுத்த கேள்வியைக் கேட்கிறவள் நீ, உன் பின்னால் நிற்கிறவள் நான். நீ இருந்தால் என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். கேட்க நீ இல்லை. அதனால் கேட்டேன்.

"ஏப்ரல் மட்டுந்தானா சார்? மே மாசம் வெயிலுக்கு லீவா?"

அவர் நின்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்துவிட்டார். "அந்தம்மா போயிருச்சுன்னுல்ல நெனச்சேன்."

மே மாதத்துக்கும் சரி என்று சொல்லிவிட்டார். ஜூன் மாதத்தைத் திங்கட்கிழமை கேட்கப் போகிறேன்.